4800-இல் எவ்வளவு இழக்கலாம்? அமெரிக்கக் கல்லூரி ரைபிள் சாம்பியன்ஷிப்பின் உள்கணக்கு

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு, 1980 முதல் ரைபிள் சுடுதலுக்கும் ஒரு தேசியப் பட்டம் வழங்கிவருகிறது. கூடைப்பந்தில் இருப்பதுபோல முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்று தனித்தனிப் பட்டங்கள் இதில் கிடையாது. பெரிய மாநிலப் பல்கலைக்கழகமும் சிறிய கல்லூரியும் ஒரே கோப்பைக்குத்தான் மோத வேண்டும். ஆண், பெண் என்ற பிரிவும் இல்லை. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைபிள்தான் இந்தப் போட்டியின் ஒரு பாதி. மறு பாதி, மண்டியிட்டும் படுத்தும் நின்றும் .22 தோட்டா சுடும் ஸ்மால்போர் ரைபிள்.

ஒலிம்பிக்கைப் பார்த்துப் பழகிய கண்ணோடு இதைப் பார்த்தால் பாதிதான் பிடிபடும். ஒலிம்பிக்கில் ஒருவருக்கு ஒரு நல்ல நாள் அமைந்தால் போதும். இங்கே நான்கு பேருக்கு இரண்டு துப்பாக்கியிலும், அடுத்தடுத்த இரண்டு நாளும் நல்லபடியாக அமைய வேண்டும். அற்புதமான ஒரு ஷாட்டுக்கு இங்கே கூடுதல் மதிப்பு எதுவும் இல்லை. மோசமான ஒரு ஷாட்டுக்கு மட்டும் முழு விலை கொடுத்தாக வேண்டும். யார் அதிகம் எடுத்தார்கள் என்பதைவிட, யார் எங்கே எவ்வளவு விட்டார்கள் என்று பார்த்தால்தான் இந்தப் பட்டம் ஏன் ஒரு கைக்குப் போய் இன்னொரு கைக்குப் போகவில்லை என்பது விளங்கும்.

கணக்கு

ஒரு துப்பாக்கிக்கு ஒரு கல்லூரி ஐந்து பேரை இறக்கலாம். அந்த ஐவரில் அதிகம் எடுத்த நால்வரின் மதிப்பெண் மட்டுமே அணிக்குச் சேரும். ஒவ்வொருவரும் சுடுவது 60 ஷாட், ஒரு ஷாட்டுக்கு அதிகபட்சம் 10. ஆக ஒருவருக்கு 600, நால்வருக்கு 2400. ஸ்மால்போர், ஏர் ரைபிள் இரண்டையும் கூட்டினால் 4800. அணிக்குக் கணக்கில் வரும் ஷாட்கள் மொத்தம் 480.

அண்மை ஆண்டுகளில் பட்டம் வென்ற அணிகள் பெரும்பாலும் 4720-க்கும் 4740-க்கும் இடையில் முடித்திருக்கின்றன. அதாவது சாம்பியனே 480 ஷாட்டில் 60 முதல் 80 புள்ளி வரை இழக்கிறது. அந்த இழப்பு சமமாகப் பரவியிருப்பதில்லை. ஏர் ரைபிளில் நால்வரும் சேர்ந்து இழப்பது ஏறத்தாழ 15 முதல் 30 வரை. ஸ்மால்போரில் அது 40 முதல் 60 வரை போகும். ஸ்மால்போருக்குள்ளும் படுத்த நிலையில் போவது ஒன்றிரண்டுதான். பெரும் பகுதி நின்ற நிலையில் போகிறது. பயிற்சி நேரத்தை எங்கே கொட்ட வேண்டும் என்று பயிற்சியாளர் முடிவு செய்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இன்னொன்று, ஏர் ரைபிளிலும் இங்கே முழு எண்தான். சர்வதேசச் சுடுதல் கூட்டமைப்பின் போட்டிகளில் 2013 முதல் ஏர் ரைபிள் தகுதிச் சுற்றிலும் தசமம் எண்ணுகிறார்கள். நட்ட நடுவில் பட்டால் 10.9, விளிம்பைத் தொட்டால் 10.0. கல்லூரி அணிக் கணக்கில் இரண்டுமே 10. அதே சமயம் 9.9 என்பது 9 ஆகிவிடும். இதன் விளைவு சின்னதல்ல. சராசரியாக 10.4 எடுத்தாலும் அவ்வப்போது 9.8 விடுகிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் சராசரி 10.2 மட்டுமே எடுத்தாலும் ஒருபோதும் 10.0-க்குக் கீழே இறங்காத ஒருவர் நிற்கிறார். தசமக் கணக்கில் முன்னவர் வெல்வார். கல்லூரிக் கணக்கில் பின்னவர்தான் அணிக்கு வேண்டியவர். இங்கிருந்து ஒலிம்பிக்குக்குப் போகிறவர்கள் தங்கள் குறிக்கோளையே திருத்திக்கொள்ள வேண்டியிருப்பது இதனால்தான். மதிப்பெண் சமமானால் நடுமையத்தில் விழுந்த பத்துகளின் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்கிறார்கள். மையத்துக்கு மதிப்பு கிடைக்கும் ஒரே இடம் அது.

ஐந்தாவது ஆளின் மதிப்பெண் கழிபடுகிறது என்பதால் அவர் ஒப்புக்குச் சப்பாணி அல்ல. நால்வரில் ஒருவர் சறுக்கினால் அணியைத் தாங்குவது அவர்தான். முதல் இருவர் எல்லா நல்ல அணியிலும் 595-ஐத் தொடக்கூடியவர்கள்தாம். வித்தியாசம் நான்காவது மதிப்பெண்ணில் தெரியும். நான்காவது ஆள் 582 எடுக்கும் அணிக்கும் 588 எடுக்கும் அணிக்கும் நடுவே ஒரே துப்பாக்கியில் 6 புள்ளி இடைவெளி. இந்த மட்டத்தில் 6 புள்ளி என்பது பெரிய இடைவெளி.

பத்தின் அகலம்

ஏர் ரைபிள் இலக்கு 10 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் கறுப்பு வட்டத்தின் குறுக்களவு 30.5 மில்லிமீட்டர். அதன் நடுவே 10-க்கான புள்ளி 0.5 மில்லிமீட்டர். ஏர் ரைபிள் சுடும் சின்ன ஈயக் குண்டான பெல்லட்டின் குறுக்களவு 4.5 மில்லிமீட்டர். வளையத்தின் கோட்டைத் தொட்டாலே உயர்ந்த மதிப்பு கிடைக்கும் என்பது விதி. ஆகவே பெல்லட்டின் மையம், இலக்கின் மையத்திலிருந்து 2.5 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் 10. அதைத் தாண்டினால் 9.

இதைத் துப்பாக்கியின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். குறி பார்க்க உதவும் பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் நடுவே 80 சென்டிமீட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், முன் சைட் 0.2 மில்லிமீட்டர் விலகினாலே குண்டு அந்த 2.5 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். இரண்டு மூன்று தலைமுடியை அடுக்கி வைத்த தடிமன்தான் அது. அந்த அளவுக்குள் ஐந்தரைக் கிலோ எடையை நின்றபடி 60 முறை நிறுத்த வேண்டும்.

தசை வலிமையால் இது ஆகாது. எலும்பு தாங்க வேண்டும். வலக்கைக்காரர் இடது முழங்கையை இடுப்பெலும்பின் மேலோ அதையொட்டிய விலாப் பக்கத்திலோ ஊன்றுகிறார். முன்கை செங்குத்தாக நின்று துப்பாக்கியைத் தாங்குகிறது. முதுகு பின்னாலும் இலக்கை நோக்கிச் சற்று திரும்பியும் வளைந்து, துப்பாக்கியின் எடைக்கு எதிர் எடையாகிறது. எடை இரண்டு பாதங்களுக்கும் நடுவே இறங்க வேண்டும். தோள்பட்டை இறுகினால் அந்த நடுக்கம் குழல் முனையில் உடனே தெரியும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது உடலின் இயல்பான குறி. நிலை எடுத்த பிறகு கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். துப்பாக்கி எங்கே நிற்கிறதோ அதுதான் உடல் விரும்பும் இடம். அது கறுப்பு வட்டத்துக்கு இடப்பக்கம் நின்றால் கையால் தள்ளிக் கொண்டுவரக் கூடாது. பின்காலை நகர்த்தி முழு உடலையும் திருப்ப வேண்டும். கையால் தள்ளியவர் டிரிகரை இழுக்கும் கணத்தில் தசை தளரும், குண்டு உடல் விரும்பிய பக்கமே போகும். தொடக்க ஆட்டக்காரர்களின் 8-களில் பெரும்பாலானவை இப்படித்தான் விழுகின்றன.

நேரமும் எதிரிதான். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தியதிலிருந்து ஆறு முதல் பத்து விநாடிக்குள் ஷாட் போக வேண்டும். அதற்கு மேல் போனால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. கண்ணில் பழைய பிம்பம் தங்கிவிடுகிறது. துப்பாக்கி விலகிய பிறகும் சைட் நேராக இருப்பதாகக் கண் சொல்லும். அந்தக் கட்டத்தில் துப்பாக்கியை இறக்கிவிட்டு மறுபடி தொடங்குவதுதான் சரி. சர்வதேச விதியில் மின்னணு இலக்கில் 60 ஷாட்டுக்கு 75 நிமிடம். நிறுத்தி நிறுத்திச் சுட அது போதும். ஆனாலும் அணி மதிப்பெண் தலைக்குள் ஓடத் தொடங்கிவிட்டால், இறக்கியிருக்க வேண்டிய ஷாட்டைப் பலர் இழுத்துவிடுகிறார்கள்.

டிரிகரை இழுத்ததும் வேலை முடிந்துவிடவில்லை. ஏர் ரைபிள் பெல்லட்டின் வேகம் விநாடிக்குச் சுமார் 170 மீட்டர். .22 தோட்டாவின் வேகத்தில் ஏறத்தாழ பாதி. அது குழலுக்குள் இருக்கும் நேரமும் அதற்கேற்ப அதிகம். அந்தச் சில ஆயிரத்திலொரு பங்கு விநாடிகளில் தோள் தளர்ந்தாலோ, மதிப்பெண் பார்க்கத் தலை திரும்பினாலோ குண்டு அதையும் எடுத்துக்கொண்டு போகும். அதனால் ஷாட் போன பிறகும் ஒன்றிரண்டு விநாடி அப்படியே நிற்கப் பழக்குகிறார்கள்.

முன் சைட்டில் போடும் வளையத்தின் அளவு பற்றியும் சொல்ல வேண்டும். கறுப்பு வட்டத்தை இறுக்கமாகச் சூழும் சின்ன வளையம் போட்டால் துல்லியம் கூடும் என்று தோன்றும். நடைமுறையில் நேர்மாறு. சின்ன வளையத்தில் ஒவ்வொரு அசைவும் பெரிதாகத் தெரிவதால் சுடுபவர் தயங்குகிறார், ஷாட் தாமதமாகிறது, கண் களைக்கிறது. வட்டத்தைச் சுற்றித் தெளிவான வெள்ளை விளிம்பு தெரியும் அளவுக்குப் பெரிய வளையம், குறிப்பாக நின்ற நிலையில், மதிப்பெண்ணைக் கூட்டுகிறது. வெளியூர் அரங்குகளில் வெளிச்சம் குறைவாக இருந்தால் இந்தத் தேவை இன்னும் அதிகம்.

ஸ்மால்போர்: மூன்று நிலை, மூன்று துப்பாக்கி

ஸ்மால்போர் ஒலிம்பிக்கில் 50 மீட்டரில், திறந்தவெளிக் காற்றைக் கணக்கிட்டுச் சுடும் போட்டி. கல்லூரிப் போட்டியில் அதே மூன்று நிலை, 50 அடி தூரத்தில், உள்ளரங்கில். 15.24 மீட்டர். தூரம் குறைந்ததால் எளிது என்று நினைக்க வேண்டாம். இலக்கும் அதற்கேற்பச் சுருங்கியிருக்கிறது. 10 என்பது வெறும் புள்ளி. காற்றின் தொல்லை இல்லை, ஆகவே காற்றைக் காரணம் சொல்லவும் வழியில்லை.

மண்டியிட்டு 20, படுத்து 20, நின்று 20. நல்ல ஆட்டக்காரர் ஒருவர் 588 எடுத்தால் அது பெரும்பாலும் மண்டியிட்டு 196 அல்லது 197, படுத்து 199, நின்று 192 அல்லது 193 என்று பிரியும்.

படுத்த நிலையில் இரண்டு முழங்கையும் தரையில், கைப்பட்டை இடது மேற்கையிலிருந்து துப்பாக்கியின் முன்பகுதிக்கு இறுகியிருக்கும். தாங்குவது பட்டைதான், தசை அல்ல. முன்கை தரையோடு 30 பாகைக்குக் குறையாமல் நிற்க வேண்டும் என்பது விதி. இங்கே புள்ளி போவதற்கு வழக்கமான காரணம் பட்டையை அளவுக்கு மீறி இறுக்குவது. இறுகிய பட்டை கையின் ரத்தக் குழாயை அழுத்தி, ஒவ்வொரு இதயத் துடிப்பையும் குழல் முனைக்குக் கொண்டுபோகும். சைட் சீரான தாளத்தில் குதித்தால் பட்டையை மேற்கையில் சற்று மேலேயோ கீழேயோ நகர்த்துவதுதான் மருந்து.

மண்டியிட்ட நிலையில் வலக்கால் கணுக்காலுக்கு அடியில் ஓர் உருளைத் தலையணை வைத்துக்கொள்ளலாம். குறுக்களவு 18, நீளம் 25 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. உடல் எடையின் பெரும்பகுதி குதிகால் வழியாக அதன் மேல் இறங்க வேண்டும். முதுகுத்தண்டு குதிகாலுக்கு நேர் மேலே. தலையணைக்குள் இருக்கும் நிரப்புப் பொருள் கூடிக் குறைந்தால் உயரம் மாறி, நிலை முழுவதும் மாறிவிடும். இடது முழங்கையை முழங்கால் சில்லின் மேல் வைத்தால் எலும்பு எலும்பின் மேல் உருளும். சற்று முன்னோ பின்னோ வைக்க வேண்டும். பதினைந்தாவது ஷாட்டை ஒட்டிக் கால் மரத்துப்போவது எல்லாருக்கும் நேர்வது. மரத்ததும் உடல் தன்னை அறியாமல் எடையை மாற்றும். இயல்பான குறி நகர்ந்திருக்கும். சுடுபவர் அதைக் கவனிக்காமல் சைட்டைத் திருகுவார். நிலை மாறியதற்குச் சைட்டைத் திருகுவது, ஒரு தவறின் மேல் இன்னொன்றை அடுக்குவதாகும்.

நின்ற நிலையில் பட்டை கிடையாது. ஏர் ரைபிளின் நின்ற நிலையோடு இது ஒன்றுதான் என்று தோன்றும், ஆனால் துப்பாக்கி வேறு. மூன்று நிலை ரைபிள் சர்வதேச விதிப்படி 8 கிலோ வரை இருக்கலாம். தோள்பட்டையில் கொக்கி உண்டு. சுடும்போது உதை உண்டு. மண்டியிட்டும் படுத்தும் சுட்டுக் களைத்த உடலோடு, போட்டியின் கடைசிப் பகுதியில் இதைச் செய்ய வேண்டும். ஆகவேதான் 600-இல் இழக்கும் 12 புள்ளியில் ஏழெட்டு இங்கே போகிறது. பட்டம் எங்கே தீர்மானமாகிறது என்று ஓர் இடத்தைக் காட்டச் சொன்னால், அணியின் மூன்றாவது, நான்காவது ஆட்டக்காரர்கள் ஸ்மால்போரில் நின்று சுடும் அந்த 20 ஷாட்களைத்தான் காட்ட வேண்டும். ஒரே ஆள் அங்கே 196-க்குப் பதில் 188 எடுத்தால் அணிக்கு 8 புள்ளி போயிற்று. ஏர் ரைபிளில் அதை மீட்பது மிகவும் கடினம்.

மாற்றத்தில் நடக்கும் தவறுகள்

ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது துப்பாக்கியே உருமாறுகிறது. தோளில் பதியும் தகடான பட்பிளேட்டின் உயரம், நீளம், சாய்வு, கன்னத் தாங்கியின் உயரம், கைப்பிடித் தடுப்பின் இடம், பட்டையைக் கழற்றுவது, நின்ற நிலைக்குக் கை வைக்கும் மேடையைப் பொருத்துவது, எடைகளை முன்னும் பின்னும் நகர்த்துவது. தலை வைக்கும் இடம் மாறுவதால் சைட்டின் பூஜ்யமும், அதாவது குண்டு நடுவில் விழும் அமைப்பும், ஒவ்வொரு நிலைக்கும் வேறு. சைட் திருகை எத்தனை கிளிக் மேலே, எத்தனை கிளிக் இடது திருப்ப வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பார்கள். திருகுகளின் மேலேயே கோடு போட்டிருப்பவர்களும் உண்டு.

கிளிக் மாற்ற மறப்பது அடிக்கடி நடக்கும். மாற்றத்துக்குப் பிறகு சைட்டர் எனப்படும் சோதனை ஷாட்களுக்கு இடமிருப்பதால் பொதுவாக அங்கேயே பிடிபட்டுவிடும். அதைவிட ஆபத்து, திருகு சரியாக இறுகாதது. ஐந்தாறு ஷாட் வரை பட்பிளேட் நிற்கும். பிறகு உதையில் ஒரு மில்லிமீட்டர் இறங்கும். ஷாட்கள் மெதுவாக மேலே ஏறும். தன் நிலையில் கோளாறு என்று நினைத்துத் தேடி மூன்று நான்கு 9 விட்ட பிறகுதான் திருகு கண்ணில் படும்.

காகித இலக்கில் சுடும் களங்களில் இன்னொரு சிக்கல். ஒரே தாளில் பல கறுப்பு வட்டங்கள் அச்சாகியிருக்கும்; ஒரு வட்டத்துக்கு ஒரு ஷாட். ஒவ்வொரு ஷாட்டுக்கும் உடலைச் சிறிதளவு நகர்த்த வேண்டும். படுத்த நிலையில் இடது முழங்கையை அச்சாக வைத்து இடுப்பை நகர்த்துவார்கள். அதைச் செய்யாமல் கையால் தள்ளினால் வட்டத்தின் ஓரத்தில் விழும். ஒரே வட்டத்தில் இரண்டு ஷாட் போட்டுவிடுவதும் நடக்கும். மின்னணு இலக்கில் ஒரே வட்டம்தான், இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஒவ்வொரு ஷாட்டின் மதிப்பும் உடனுக்குடன் திரையில் வருவதால், 9.9-ஐப் பார்த்த மனம் அடுத்த ஷாட்டைக் கெடுக்கும் தொல்லை புதிதாகச் சேர்ந்துகொள்கிறது. பக்கத்து இலக்கில் சுட்டுவிடும் ஆபத்து இரண்டிலும் உண்டு. அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்த மேட் எம்மன்ஸ் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் மூன்று நிலை இறுதிச் சுற்றில் முன்னிலையில் இருந்தபோது, கடைசி ஷாட்டை அடுத்தவர் இலக்கில் சுட்டுப் பூஜ்யம் பெற்று எட்டாம் இடத்துக்குப் போனார். 2008 பெய்ஜிங்கிலும் கடைசி ஷாட்டில் டிரிகர் முந்திக்கொண்டு 4.4 விழுந்தது. உலகின் மிகச் சிறந்த கைகளுக்கே இது நேரும் என்பதால், ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்பு இலக்கின் எண்ணைப் பார்ப்பதைப் பல பயிற்சியாளர்கள் ஒரு கட்டாயப் படியாக வைத்திருக்கிறார்கள்.

தோட்டா, காற்று, உடை

.22 தோட்டாவை லாட், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுப்பு, பார்த்துத்தான் வாங்குவார்கள். ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே விலை. ஆனால் ஒரு லாட் ஒரு குழலில் ஒட்டி விழும், இன்னொன்றில் சிதறும். துப்பாக்கியைப் பிடிப்பானில் இறுக்கி, லாட்டுக்கு நாற்பது ஐம்பது ஷாட் சுட்டு, அவை விழுந்த பரப்பின் அகலத்தை அளந்து, நல்லதைப் பருவம் முழுவதற்கும் சேர்த்து வாங்கிவிடுவது வழக்கம். பெல்லட்டில் தலையின் அளவு 4.49, 4.50 என்று நூறிலொரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் வருகிறது. அதையும் குழலுக்குக் குழல் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஏர் ரைபிளின் காற்று உருளை 200 பார் அழுத்தம் வரை நிரப்பப்படுகிறது. பயன்பாட்டுக் காலம் 10 ஆண்டு. தேதி கடந்த உருளையோடு வந்தால் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். அழுத்தம் மிகவும் இறங்கினால் ஷாட்கள் கீழே விழத் தொடங்கும், ஆகவே போட்டிக்கு முன்பு நிரப்புவது ஒரு சடங்கு.

தடித்த கான்வாஸ், தோல் மேலாடை முதுகையும் தோளையும் தாங்குகிறது. எவ்வளவு தாங்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. சர்வதேச விதியில் துணியின் தடிமன் 2.5 மில்லிமீட்டர், அதற்கு மேல் விறைப்பையும் கருவி வைத்து அளக்கிறார்கள். குளிர்ந்த கூடத்தில் துணி விறைக்கும். வீட்டில் தேறிய மேலாடை அங்கே தவறலாம். விளிம்பளவில் தேறும் மேலாடையைத் தேசியப் போட்டிக்குக் கொண்டுவருவது வீண் துணிச்சல்.

யார் வெல்கிறார்கள்

1980 முதல் 2025 வரை 45 பட்டங்கள். 2020-இல் கொரோனாவால் போட்டி நடக்கவில்லை. அந்த 45-ஐயும் வென்றவை ஏழே கல்லூரிகள். மேற்கு வர்ஜீனியா 20, அலாஸ்கா ஃபேர்பேங்க்ஸ் 11, டெக்சஸ் கிறிஸ்டியன் 4, கென்டக்கி 4, டென்னசி டெக் 3, மர்ரி ஸ்டேட் 2, ஆர்மி எனப்படும் அமெரிக்க ராணுவ அகாதமி 1.

முதல் மூன்று ஆண்டும் டென்னசி டெக்குக்கே. 1983-இல் மேற்கு வர்ஜீனியாவின் காலம் தொடங்கியது. 1988 முதல் 1993 வரை தொடர்ந்து ஆறு முறை. 1999 முதல் 2004 வரை அதேபோல ஆறு முறை அலாஸ்கா. இதற்கிடையே 2003-இல் மேற்கு வர்ஜீனியா நிர்வாகம் ரைபிள் அணியையே நிறுத்த முடிவு செய்தது. ஆதரவாளர்களின் முயற்சியால் அது மீண்டது. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் ஸ்காட்லாந்துக்காகப் படுத்த நிலையில் தங்கம் வென்ற ஜான் ஹாமண்ட் பயிற்சியாளராக இருக்கும் காலத்தில் அந்த அணி 2009-இலும், பிறகு 2013 முதல் 2017 வரை தொடர்ந்து ஐந்து முறையும், 2025-இல் இருபதாவது முறையும் வென்றது.

மலைநாட்டு மாநிலம் ஒன்றும் பனி உறைந்த வடகோடி ஒன்றும் இப்படி ஆளுவதற்குக் காரணங்கள் உண்டு. ரைபிள் அணிக்குத் தரக்கூடிய உதவித்தொகை பல்லாண்டுகளாக 3.6 முழு உதவித்தொகைக்குள் அடங்க வேண்டும் என்று என்சிஏஏ வரம்பு வைத்திருந்தது. அதை எட்டுப் பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். பணக்காரக் கல்லூரியும் அந்த வரம்பைத் தாண்ட முடியாமல் இருந்தது என்றால், மாணவரை இழுத்தது எது? நாள் முழுவதும் திறந்திருக்கும் சொந்தச் சுடுதளம், ஈயப் புகையை வெளியேற்றும் காற்றோட்டம், மின்னணு இலக்குகள், பயிற்சியாளரின் பெயர், முன்பு அங்கிருந்து ஒலிம்பிக் போனவர்கள். ஒருமுறை இது அமைந்துவிட்டால் அடுத்த தலைமுறையும் அங்கேயே வந்து சேர்கிறது. இத்தாலியின் நிக்கோலோ காம்ப்ரியானி மேற்கு வர்ஜீனியாவில் படித்தார். 2012 லண்டனில் ஒரு தங்கம், 2016 ரியோவில் இரண்டு. உள்நாட்டு மாணவர்களில் பலர் உயர்நிலைப் பள்ளிகளின் இளையோர் படைப்பயிற்சித் திட்டத்தில், நம் என்சிசி போன்ற ஒன்றில், ஏர் ரைபிள் பிடிக்கப் பழகியவர்கள்.

ஒரே வரிசையில் ஆணும் பெண்ணும்

1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கின் மூன்று நிலைப் போட்டி இருபாலருக்கும் பொதுவாக நடந்தது. அமெரிக்காவின் மார்கரெட் மர்டாக் 1162 எடுத்து, சக நாட்டவரான லானி பாஷமோடு சமன் செய்து வெள்ளி பெற்றார். பாஷம் அவரைத் தங்கப் பதக்க மேடைக்கு இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்தினார். 1984-இல் ஒலிம்பிக் பெண்களுக்கு ரைபிளில் தனிப் போட்டிகளைத் தொடங்கியது. 2017 வரை ஏர் ரைபிளில் ஆண்களுக்கு 60 ஷாட், பெண்களுக்கு 40. திறமை வேறுபட்டதால் வந்த பிரிவு அல்ல இது என்பதற்குக் கல்லூரிப் போட்டியே நேரடிச் சாட்சி. 2010-இல் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம் முழுக்கப் பெண்களே கொண்ட அணியோடு, கலப்பு அணிகளையும் ஆண்களையும் முந்திப் பட்டம் வென்றது. அப்படி வென்ற முதல் அணி அது. 2012, 2019, 2024 ஆகிய ஆண்டுகளிலும் அதே கல்லூரி வென்றது. விளையாட்டுலகில் இவ்வளவு தெளிவான சான்று வேறெங்கும் எளிதில் கிடைக்காது. இதற்குக் கிடைக்கும் கவனம் மிகக் குறைவு என்பது வருத்தம்தான்.

தனிப்பட்டங்களும் உண்டு. ஒவ்வொரு துப்பாக்கியிலும் முதல் எட்டுப் பேர் இறுதிச் சுற்றுக்குப் போவார்கள். அங்கே தசமக் கணக்கு, ஒவ்வொருவராக வெளியேறும் முறை. அந்தச் சுற்றின் மதிப்பெண் அணிக்குச் சேராது. 2016-இல் மேற்கு வர்ஜீனியாவின் முதலாண்டு மாணவி ஜின்னி த்ராஷர் இரண்டு துப்பாக்கியிலும் தனிப்பட்டம் வென்றார். அதே ஆகஸ்டில் ரியோவில் 208.0 எடுத்து, அந்த ஒலிம்பிக்கின் முதல் தங்கத்தைப் பெற்றார். கென்டக்கியின் வில் ஷேனர் டோக்கியோவில் 251.6 எடுத்து ஆண்கள் ஏர் ரைபிள் தங்கம். அலாஸ்காவில் படித்த சேகன் மடலீனா 2024 பாரிஸில் மூன்று நிலையில் வெள்ளி.

மதிப்பெண் பலகையை வாசிப்பது

போட்டிக்கு எட்டு அணிகள் தகுதி பெறுகின்றன. பருவத்தில் எடுத்த மதிப்பெண்களின் சராசரியையும் பிப்ரவரியில் நடக்கும் தகுதிப் போட்டியின் மதிப்பெண்ணையும் சேர்த்துத் தேர்வு நடக்கிறது. ஒரே ஒரு நல்ல நாளை வைத்துக்கொண்டு உள்ளே வர முடியாது. தகுதி பெறாத கல்லூரிகளின் சிறந்த ஆட்டக்காரர்கள் தனியாளாக வரலாம்.

வழக்கமாக முதல் நாள் ஸ்மால்போர், இரண்டாம் நாள் ஏர் ரைபிள். முதல் நாள் முடிவில் மொத்தத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், ஒவ்வொரு அணியிலும் நான்காவதாகக் கணக்கில் வந்த மதிப்பெண்ணைப் பாருங்கள். பிறகு அந்த அணியின் பருவ ஏர் ரைபிள் சராசரியைப் பாருங்கள். ஏர் ரைபிளில் முன்னணி அணிகள் எல்லாமே 2370-க்கும் 2385-க்கும் நடுவே வருவதால், அங்கே ஓர் அணி மற்றொன்றை முந்தக்கூடிய தூரம் பெரும்பாலும் ஐந்தாறு புள்ளிதான். ஸ்மால்போரில் 3 புள்ளி பின்தங்கிய அணிக்கு இரண்டாம் நாள் முழுதும் வாய்ப்பு உண்டு. 10 புள்ளி பின்தங்கிய அணி தன் நால்வரும் 597 எடுத்தாலும், முன்னே இருக்கும் அணியில் இருவர் சறுக்கினால்தான் அதற்கு வழி பிறக்கும். அந்தச் சறுக்கலுக்கும் தடுப்பாக முன்னணி அணியின் ஐந்தாவது ஆள் வரிசையின் ஓரத்தில் நின்று சுட்டுக்கொண்டிருப்பார்.